தகப்பன் பெயர் தேசப்பன்

ஐயா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் திருவொற்றியூர் மார்க்கெட்டில் நின்றிருந்தேன். மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம். எங்கள் நீதிமன்றத்தில் அமீனாவாக இருந்து ஓய்வுபெற்ற பாண்டியன் கூப்பிட்டார்.

"மேடம், நம்ம கருணாகரன் ஐயா தவறிட்டாரு. காலைல பால் போடறவரு பெல் அடிச்சிப் பாத்திருக்காரு, கதவு தெறக்கல. உடைச்சிதான் உள்ள போயிருக்காங்க. சேர்லயே உக்காந்தபடி இருந்தாராம்."

நான் மீனை வாங்காமலே நடந்து வந்துவிட்டேன். பாதி வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

அன்று பகலுக்குள் அவர் குடியிருந்த தெருவில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். பாண்டியன்தான் தன் செலவில் அடித்திருந்தார். 'ஆரணி பிரபல வழக்கறிஞர் தேசிகன் அவர்களின் குமாரரும், ஓய்வுபெற்ற சார்பு நீதிபதியுமான தே. கருணாகரன் அவர்கள்' என்று தொடங்கியது. கீழே சங்கத்து வழக்கறிஞர்கள் பலருடைய பெயர்கள். அந்த முதல் வரியைப் படித்துவிட்டு நான் போஸ்டருக்கு எதிரிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரிந்த ஆள் இந்தத் தெருவில் நான் ஒருத்தி மட்டும்.

சங்கத்தின் இரங்கல் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் பதினோரு வருடம் சுருக்கெழுத்துத் தட்டச்சராக வேலை பார்த்தவள் என்பதால் கேட்டிருப்பீர்கள். நீதிபதியாக அவரை உங்களுக்கும் தெரியும். ஆனால் கடைசி மூன்று வருடம் அவர் தன் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடி எண்ணூர்ப் பக்கம் அலைந்ததும், தேடியது கிடைத்ததும், கிடைத்தது அவரை என்ன செய்தது என்பதும் உங்களில் யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். மலருக்குப் பொருந்தாது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

அவர் கோர்ட்டில் எப்படி இருந்தார் என்பதை நினைவூட்டிவிட்டுத் தொடங்குகிறேன். வயதான சாட்சி வந்தால் கூண்டுக்குள் ஸ்டூல் போடச் சொல்வார். தீர்ப்பை வாசித்து முடித்ததும் வக்கீலைப் பார்க்காமல் கட்சிக்காரரைப் பார்த்து, "நீங்க தோத்துட்டீங்க. அப்பீல் போக உங்களுக்கு உரிமை இருக்கு, கெடு தாண்டுறதுக்குள்ள போங்க" என்று சாதாரணத் தமிழில் சொல்வார். அதே சமயம் இறுக்கமானவர். "கதை வேண்டாம், காகிதம் கொடுங்க" என்று அவர் சொல்லிக் கேட்காத வக்கீல் இங்கே கிடையாது. ஒருமுறை கூண்டில் ஒரு பெண் அழுதபோது எழுதுவதை நிறுத்திவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். சேம்பருக்கு வந்ததும் சொன்னார்: "பாவமாத்தாம்மா இருக்கு. ஆனா கண்ணீருக்குச் சான்றாவண எண் போட முடியாது."

அவருடைய தந்தை தேசிகன் அப்போது உயிரோடு இருந்தார். ஆரணியில் நாற்பது வருடம் வக்கீலாக இருந்தவர். மனைவி இறந்தபின் மகனோடு வந்து, நீதிமன்றத்துக்குப் பின் தெருவில் இருந்த குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். எண்பதைத் தாண்டிய வயதிலும் கண்ணாடி இல்லாமல் படிப்பார். ஐயாவுக்குத் தன் தமிழ்மேல் நம்பிக்கை குறைவு. அதனால் தீர்ப்பின் வரைவைத் தட்டச்சு செய்ததும் நான் வீட்டுக்குப் போகும் வழியில் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அவர் பென்சிலால் ஒற்றெழுத்துகளையும் வேற்றுமை உருபுகளையும் திருத்தி வைப்பார். முறைப்படி இது தவறு. கோர்ட்டில் இன்னும் வாசித்துப் பகராத தீர்ப்பை வெளியாள் பார்க்கக் கூடாது. இப்போது இருவரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பெரியவர் சுத்த சைவம். அந்த வீட்டில் முட்டைகூட நுழையாது. ஒருநாள் வரைவைக் கொடுக்கப் போனபோது என் பையிலிருந்த காலி டிபன் டப்பாவிலிருந்து வாசம் வந்திருக்க வேண்டும். வாசலிலேயே தயங்கி நின்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சென்னாக்குன்னியா?" என்று கேட்டார். அந்தப் பொடி இறால் கருவாட்டை எங்கள் வியாசர்பாடிப் பக்கம் தொக்கு வைப்போம். ஆரணிக்காரர், அதுவும் சைவக்காரர், வாசத்திலேயே பெயர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "கேள்விப்பட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் உறவுக்காரர் என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. பெரியவர் இறந்தபோதுகூடக் கோர்ட் ஆட்கள்தான் பாடை கட்டினோம். ஐயா பின்னாளில் ஒருமுறை சொன்னார்: "என் கல்யாணத்துல பொண்ணு வீட்டுப் பக்கம் இருநூறு பேர். எங்க பக்கம் அப்பாவோட குமாஸ்தாக்கள் ஆறு பேர். சின்ன வயசுல கேட்டா, 'நமக்கு யாரும் இல்லப்பா, காலரால போயிட்டாங்க'ன்னு அப்பா சொல்வார். எந்த ஊர் காலரான்னு கேட்டா எழுந்து போயிடுவார்."

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. அவருடைய மனைவியும் அப்போது இறந்திருந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகள், ஆரணி வீட்டை விற்றுவிடச் சொல்லியிருந்தாள். வீட்டைக் காலி செய்யும்போது சட்டப் புத்தக அலமாரியின் அடித்தட்டில் ஒரு உறை இருந்திருக்கிறது. உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று இராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம் கொடுத்த மாற்றுச் சான்றிதழ். மாணவர் பெயர் தேசப்பன். தகப்பன் பெயர் கன்னியப்பன், தொழில் மீன்பிடித்தல், ஊர் எண்ணூரை அடுத்த பனையடிக்குப்பம். இன்னொன்று, தேசப்பன் ஆகிய நான் இனி தேசிகன் என்று அழைக்கப்படுவேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் பத்திரம்.

"எங்கப்பா ஒரு மீனவரோட மகன், வனஜாம்மா" என்றார். தீர்ப்பு வாசிக்கிற அதே குரல். பிறகு அந்தக் குரல் உடைந்தது. "அப்படின்னா எங்கேயாவது ஒரு பங்காளி இருப்பான் இல்லையா? எங்கேயாவது ஒரு சித்தப்பா மகன், அத்தை மகன். எழுபது வயசுக்கு மேல எனக்குன்னு ஒரு கூட்டம் இருக்கலாம் இல்லையா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால்தான் கூடப் போனேன்.

முதலில் அவருக்குப் பழக்கமான வழியில் தேடினார். பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேடுகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வருவாய்த் துறை அலுவலகத்தில், அப்படி ஒரு குப்பமே கணக்கில் இல்லை என்றார்கள். ஆட்களைக் கேட்கலாம் என்று கடற்கரைக்குப் போனால், ஐயா பேசுகிற தமிழைக் கேட்டதும் யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார்கள். "நான் கேட்டா கூண்டுல ஏறின மாதிரி ஆயிடறாங்க. நீங்க கேளுங்கம்மா" என்றார். நான் எங்கள் பேச்சில் கேட்டேன். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருடத்தில் நான் அவர் முன்னால் அப்படிப் பேசியதே இல்லை.

காத்திவாக்கத்தில் ஏழுமலை என்பவர் நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"பனையடிக்குப்பமா? அது இப்ப எங்க கீது. கரி எரிச்சி கரண்ட்டு எடுக்கிறதுக்கு எடத்த வாங்கிகினாங்கோ. அதுக்கு மேல ஆள் ஒசரத்துக்குச் சாம்பல் கீது, போய்ப் பாரு" என்றார்.

"அங்க கன்னியப்பன்னு ஒருத்தரு இருந்தாராமே அண்ணே. அவரு புள்ள தேசப்பன். படிச்சவரு" என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். "படிக்கப் போன தேசப்பனா? எங்க நைனா சொல்லும். பட்டணத்துல வக்கீல் ஒருத்தர்கிட்ட எழுதுற வேலைக்குப் போனாராம். ஒரு நாளு வரல. அப்புறம் வரவே இல்ல. கட்டுமரத்துல வரும்போது கவுந்து பூட்டாருன்னு சொன்னாங்கோ. பொணம் கெடைக்கல. பொஞ்சாதி கைப்புள்ளய வெச்சிகினு தெனம் கரைல நின்னுகினு இருக்குமாம்."

"குழந்தையா?" என்று ஐயா கேட்டார். அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"பொண்ணு. கன்னியம்மா. இன்னும் கீது சார், ஹவுசிங் போர்டுல. பாவம், குப்பத்த எடுத்தப்போ எல்லாருக்கும் மாத்து மனை குடுத்தாங்கோ, அதுக்கு மட்டும் கெடைக்கல. பட்டா கன்னியப்பன் தாத்தா பேர்ல. அவரு புள்ளையோட பொண்ணு நாந்தான்னு கேசு போட்டுச்சு. உங்கப்பன் தேசப்பன்னு காயிதம் காட்டுன்னுட்டாராம் ஜட்ஜி. அது எங்க போவும் காயிதத்துக்கு? தள்ளிட்டாரு."

எந்தக் கோர்ட் என்று ஐயா கேட்டார். ஏழுமலை எங்கள் நீதிமன்றத்தின் பெயரைச் சொன்னார். எப்போது என்று கேட்டார். ஏழுமலை மகள் கல்யாணத்தை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னார். அந்த வருடத்தில் அந்த நாற்காலியில் இருந்தது கருணாகரன் ஐயாதான்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். தேரடிக்கு வந்ததும், "உங்களுக்கு அந்தப் பேரு ஞாபகம் வருதாம்மா?" என்றார். "வருதுங்கய்யா" என்றேன்.

தீர்ப்பின் நகல் வேண்டி அவர் மனுப் போட்டார். என்னிடம் சொன்னால் உள்ளே ஆளைப் பிடித்து இரண்டு நாளில் வாங்கியிருப்பேன். வேண்டாம் என்றுவிட்டார். தான் உட்கார்ந்து நீதி சொன்ன கட்டடத்தில் மனுதாரர்களோடு வரிசையில் நின்றார். கவுண்டரில் இருந்த புதுப் பெண்ணுக்கு அவரைத் தெரியவில்லை. "நீங்க வாதியா, பிரதிவாதியா?" என்று கேட்டாள். ஐயா கொஞ்சம் யோசித்து, "மூன்றாம் தரப்பு" என்றார்.

நகல் வந்த அன்று என்னை வரச் சொல்லியிருந்தார். ஒன்பது பக்கம். கோர்ட்டில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார். "வாதி தன்னை தேசப்பன் என்பவரின் மகள் என்று கூறிக்கொள்கிறார். அதனை மெய்ப்பிக்க எழுத்து மூலமான சான்று எதனையும் அவர் முன்னிலைப்படுத்தவில்லை. மேற்படி தேசப்பன் உயிருடன் உள்ளாரா அல்லது இறந்துவிட்டாரா என்பதும் தெளிவுபடுத்தப்படவில்லை." அங்கே நிறுத்திவிட்டார்.

"உயிரோடதாம்மா இருந்தார். கோர்ட்டுக்குப் பின் தெருவுல, என் வீட்டு முன் ரூம்ல."

கடைசிப் பக்கத்தில் வழக்கமான வாசகம் இருந்தது. என்னால் சுருக்கெழுத்தருக்குச் சொல்லப்பட்டு, அவரால் தட்டச்சு செய்யப்பட்டு, என்னால் திருத்தப்பட்டு, அவையறியப் பகரப்பட்டது. அந்தச் சுருக்கெழுத்தர் நான். கன்னியப்பன், தேசப்பன், கன்னியம்மா என்று மூன்று பெயரையும் அடித்தவை என் விரல்கள்.

ஐயா நகலை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த வாரம் நான் மாவட்டக் கோர்ட்ல மீட்டிங்குக்குப் போயிருந்தேன். வரைவை நீங்க நேரா சேம்பர்ல கொண்டுவந்து கொடுத்தீங்க. அதுக்கு முன்னாடி அப்பாகிட்ட அது போச்சா? அவர் படிச்சாரா?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெள்ளிக்கிழமை பெரியவரிடம் கொடுத்தேன். மறுநாளே திருத்தித் தருகிறவர் திங்கட்கிழமை வரை வைத்திருந்தார். வாங்கப் போனபோது அதை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்திலும் பென்சில் படவில்லை. "இதுல திருத்த ஒண்ணும் இல்லம்மா. பகரச் சொல்லு" என்று என் கையில் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அவர் திருத்தாத தீர்ப்பு அது ஒன்றுதான். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. பிழையே இல்லாமல் அடித்துவிட்டேன் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டேன்.

"ஞாபகம் இல்லைங்கய்யா" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

அதன் பிறகு அவர் தெரிந்த வக்கீல்களிடம் பெயர் சொல்லாமல் ஆலோசனை கேட்டார். காலம் கடந்துவிட்டது, மறுசீராய்வுக்கு வழியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அது அவருக்கு முன்பே தெரியும். மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். கோப்பு முடிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. "அந்தத் தீர்ப்பு சட்டப்படி தப்பில்லைம்மா" என்றார். "அவங்க சைடுல ஒரு காகிதம் கிடையாது. இன்னிக்கு அதே ஃபைல் என் முன்னாடி வந்தாலும் அதையேதான் எழுதுவேன். அதைத்தான் என்னால தாங்க முடியல."

பிறகு ஒருநாள் என்னை அழைத்து, ஒரு பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்ய வேண்டும் என்றார். பழைய நாட்கள்போல அவர் நடந்துகொண்டே சொன்னார், நான் அடித்தேன். தேசப்பன் என்கிற தேசிகன் என்பவரின் மகனாகிய நான் சத்தியப் பிரமாணமாகக் கூறுவது. பனையடிக்குப்பத்துக் கன்னியம்மா மேற்படி தேசப்பனின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள் என்றும், எனக்குத் தமக்கை என்றும் உறுதி கூறுகிறேன். எந்த வழக்கில் தீர்ப்பளித்தேன் என்பதையும் எண்ணோடு சொன்னார். கடைசியாக, "என் தந்தை மேற்படி வழக்கை அறிந்திருந்தார் என்று நான் நம்பவில்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றார். நான் அடிக்கவில்லை. விரல்கள் விசைகளின் மேலேயே இருந்தன. அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தை அல்ல, என் கைகளைப் பார்த்தார்.

"அந்த வரி வேணாம். சத்தியம் பண்ணிச் சொல்ற இடத்துல நிச்சயமில்லாததைச் சேர்க்கக் கூடாது" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கிக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு நாங்கள் ஹவுசிங் போர்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. ஐயா இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். வராந்தாவில் எண்பது வயதுக்காரர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் கன்னியம்மா. மருமகள் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஐயா உட்காரவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். தேசப்பன் கடலில் சாகவில்லை, ஆரணியில் வக்கீலாக இருந்தார், இவர் அவருடைய மகன், உங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னவரும் இவர்தான். சொல்லி முடிக்கும்வரை அவர் கை இறாலை உரித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா" என்றார் ஐயா.

கன்னியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "எத்தினி வயசுல செத்தாரு?"

"எண்பத்தஞ்சு."

"எங்கம்மா நாப்பத்தி ரெண்டுல செத்துச்சு. பொட்டு வெக்கிறதா அழிக்கிறதான்னு தெரியாமலே செத்துச்சு. பொணம் கெடைக்கலன்னு தாலிய அறுக்கவும் இல்ல. விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டாங்கோ, சாவுக்கும் கூப்பிட மாட்டாங்கோ." சொல்லும்போது குரல் உயரவே இல்லை. "அவரு அங்க கோட்டு போட்டுகினு இருந்தாரா?"

ஐயா பிரமாணப் பத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "இதுல எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க தேசப்பன் மகள்தான்னு."

அவர் அதை வாங்கவில்லை. "அன்னிக்குக் கூண்டுல நின்னு சொன்னேன், எங்கப்பன் பேரு தேசப்பன்னு. காயிதம் இல்லன்னு சொல்லிட்ட. அப்பீல் போன்னு வேற சொன்ன. இப்ப நீயே காயிதம் எடுத்துகினு வந்து ஆமான்றியா? எனக்கு எங்கப்பன் யாருன்னு நீ சொல்லித்தான் தெரியணுமா? எங்கப்பன் கடல்ல பூட்டாரு. எங்கம்மா அப்டித்தான் சொல்லிச்சு. போ சாமி. போய்ட்டு வா."

நாங்கள் இறங்கி வந்தோம். கீழே தண்ணீர் டேங்க் அருகில் இருந்த சிமெண்டுத் திட்டில் ஐயா உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "சரியா சொன்னாங்க" என்றார். "குறுக்கு விசாரணை பண்ண ஒண்ணுமே இல்ல."

அதற்குப் பிறகும் அவர் போனார். நான்கைந்து முறை இருக்கும். மேலே ஏறமாட்டார், கீழேயே நிற்பார். மருமகள் இறங்கி வந்து, அத்தை தூங்குகிறார் என்பாள், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்பாள். கடைசி முறை, "இனிமே வர வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு சார். மூச்சு வாங்குது அந்தாளுக்கு, வந்து வந்து எதுக்கு நிக்கிறான்னு கேட்டுச்சு" என்றாள். அதை ஐயா எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அன்றோடு போவதை நிறுத்திவிட்டார்.

கடைசி வருடத்தில் அவர் பேப்பர் படிப்பதைக்கூட விட்டுவிட்டார். சங்கத்து விழாவுக்கு நீங்கள் அழைத்தபோது உடம்பு சரியில்லை என்று சொன்னார். அவர் உடம்புக்கு அப்போது ஒன்றுமில்லை. சாயங்காலம் போனால் டிவியைப் போடாமல் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சொன்னார்: "எனக்கு அப்பா மேல கோபமே வரலம்மா. எவ்வளவோ முயற்சி பண்றேன், வர மாட்டேங்குது. அவர் இடத்துல நான் இருந்திருந்தாலும் அந்த வரைவைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பேசாம இருந்திருப்பேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு." நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நிற்காத வாதத்தை வைக்கிற இளம் வக்கீலைக் கேட்பதுபோல.

மகள் வருவதற்காக ஒருநாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். தகனத்துக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். நீங்கள் பேசியதெல்லாம் நியாயமான பேச்சு, அவருக்குத் தகுந்த பேச்சு. வாய்க்கரிசி போட இரத்த சொந்தங்கள் வரலாம் என்று மயானத்து ஆள் கூப்பிட்டபோது அந்த மகள் ஒருத்திதான் முன்னால் வந்தாள். அவளுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அவளிடம் ஐயா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

மறுநாள் முற்பகலில் நான் ஹவுசிங் போர்டுக்குப் போனேன். கன்னியம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அதே வராந்தா. முன்னால் அலுமினியச் சட்டியில் இறால்.

"அவரு தவறிட்டாரும்மா. நேத்து எடுத்தாச்சு" என்றேன்.

கை நின்றது. "எத்தினி புள்ளைங்க?" என்றார்.

"ஒரே பொண்ணு. வெளிநாட்டுல இருக்காங்க."

"வந்துச்சா?"

"வந்தாங்க."

"அப்ப சரி" என்றார். மறுபடி உரிக்கத் தொடங்கினார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். ஒரு தளம் இறங்கியபின் குடையை விட்டுவிட்டது தெரிந்து திரும்ப ஏறினேன். வராந்தாவில் சட்டி மட்டும் இருந்தது. வராந்தாக் கடைசியில் உள்ள பொதுக் குழாயடியில் கன்னியம்மா புடவையோடு நின்று, பக்கெட்டிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்று முறை ஊற்றினார். மருமகள் வெளியே வந்து பார்த்துவிட்டு, "இன்னாத்தே இது, காலைலதான குளிச்சே?" என்றாள்.

"கசகசன்னு கீது" என்றார் கன்னியம்மா.

சாவுச் செய்தி கேட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்வது எங்கள் பக்கத்தில் இரத்த உறவுக்கு மட்டும்தான். ஒருவரை இனி வேண்டாம் என்று அறுத்துக்கொள்வதையும் நாம் தலைமுழுகுவது என்றுதான் சொல்கிறோம். கன்னியம்மா எதற்காக ஊற்றிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. குடையை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

ஐயா விட்டுப்போனதில் அந்தப் பிரமாணப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. வாங்குவதற்கு ஒரு கோர்ட்டும் இல்லாத, வாங்க மறுக்கப்பட்ட ஒரு தாள். அவருக்கு நான் சொன்ன ஒரு பொய்யும் என்னிடம் இருக்கிறது. அந்தக் குழாயடியில் பார்த்ததையும் அவற்றோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்று முதலில் வருத்தமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் உயிரோடு இருந்தவரை அது நடந்திருக்காது.